ஜீப்பில் தொடங்கி டாங்கி வரை: வி.கே. கிருஷ்ண மேனன்



ஆண்டு மலர் என்றால் காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் என்று வாழ்க்கை வரலாறு எழுதுவது நம் வழக்கம். நான் இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான ஒருவரை எடுத்துக்கொண்டேன். 1974-ல் மறைந்த வி.கே. கிருஷ்ண மேனன். நம் நாட்டின் ராணுவ அமைச்சராக ஐந்தரை ஆண்டு இருந்தவர். அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு. திட்டியவர்கள் அதைவிட அதிகம்.

இவரை ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். அரசியலுக்காக இல்லை. ஒரு நாடு ஆயுதத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தையும் எப்படி வாங்க வேண்டும், எப்படி வாங்கக்கூடாது என்ற இரண்டு பாடமும் இந்த ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. நாளைக்கு ஆவடியிலோ திருச்சியிலோ இன்ஸ்பெக்‌ஷன் மேசை முன்னால் உட்காரப் போகிறவர்கள் நாம்தான். அதனால் நமக்கு இது கதை மட்டும் இல்லை.

மலபாரிலிருந்து லண்டனுக்கு

1896-ல் மலபாரில் பிறந்தவர் மேனன். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தில் சேர்ந்து, 1924-ல் லண்டன் போனார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவார் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். வக்கீலானார். இந்தியா லீக் என்ற அமைப்பை நடத்தி, வெள்ளைக்காரன் ஊரிலேயே நின்று இந்திய விடுதலைக்காகப் பேசினார். செயின்ட் பாங்க்ராஸ் என்ற பகுதியில் கவுன்சிலராகப் பல ஆண்டு இருந்தார். பெலிக்கன் என்ற மலிவு விலைப் புத்தக வரிசை 1937-ல் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களில் இவரும் ஒருவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டைவிட டீதான் அதிகம் என்று சொல்லும்படி வாழ்ந்தவர். நாக்கு மட்டும் கத்தி! எதிரியை மட்டும் இல்லை, நண்பரையும் வெட்டும்.

1947-ல் சுதந்திரம் வந்ததும் நேரு இவரை லண்டனில் இந்தியாவின் முதல் ஹைகமிஷனர் ஆக்கினார். அங்கேதான் முதல் பாடம் வந்தது.

ஜீப் வந்தது, ஓடவில்லை

அப்போது காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைப்பாதைக்கு ஜீப் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். புது ஜீப்புக்குக் காத்திருக்க நேரம் இல்லை. 1948-ல் மேனன், வழக்கமான கொள்முதல் முறைகளைத் தாண்டி, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு பழைய ஜீப்புகளைச் செப்பனிட்டுத் தருவதற்கு ஒப்பந்தம் போட்டார். பெரிய பெயரோ பெரிய முதலீடோ இல்லாத கம்பெனி அது. பணத்தில் பெரும் பகுதி முன்னாலேயே போய்விட்டது. வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். ராணுவம் வாங்கிப் பார்த்தால், ஓட்டுகிற நிலைமையில் இல்லை.

நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. சுதந்திர இந்தியாவின் முதல் ராணுவக் கொள்முதல் ஊழல் என்றே இன்றைக்கும் இதை எழுதுகிறார்கள். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கடைசியில் 1955-ல் அரசாங்கம் விவகாரம் முடிந்தது என்று அறிவித்துவிட்டது. 1956-ல் மேனன் மத்திய மந்திரி ஆனார். அவர் தன் பைக்குள் பணம் போட்டுக்கொண்டார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நிரூபிக்கப்படாததால் ஜீப் ஓடிவிடுமா?

நம்ம வொர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், மெட்டீரியல் உள்ளே வரும் முன் செய்ய வேண்டிய சோதனை சரியாக நடக்கவில்லை. அவசரம் என்பது உண்மைதான். சண்டை நடக்கும்போது ஃபைல் நகரும் வேகம் போதாது என்பதும் உண்மைதான். ஆனால் அவசரத்துக்காக எதை வேண்டுமானாலும் விடலாம், சோதனையை மட்டும் விடக்கூடாது. ஏனென்றால், ஓடாத ஜீப்பில் உட்காரப் போவது கையெழுத்துப் போட்டவர் இல்லை, சிப்பாய்!

பொருளை வாங்காதே, டிராயிங்கை வாங்கு

1957 ஏப்ரலில் மேனன் ராணுவ அமைச்சர் ஆனார். அதே வருஷம் ஜனவரியில்தான் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசி, நாடு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தார்.

பதவிக்கு வந்ததும் அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. துப்பாக்கி, லாரி, டாங்கி, விமானம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்தால், விற்கிறவன் ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் தரமாட்டேன் என்றால் நாம் என்ன செய்வோம்?

இதைப் புரிந்துகொள்ள எங்க செட்டிநாட்டு வீடுகளையே உதாரணமாகச் சொல்லலாம். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. சுவர் ஓடு ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது. அந்தப் பளிங்கு உடைந்தால் கப்பல் வரும் வரை காத்திருக்கணும். ஆனால் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ண சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கல் போடக் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அந்தக் கல் உடைந்தால் நாளைக்கே வேறு கல் போடலாம். வாங்கியது வீட்டோடு நின்றது. கற்றுக்கொண்டது ஊருக்கே தொழில் ஆனது.

மேனன் செய்ததும் இதே வகைதான். 1958-ல், ராணுவத்திடம் இருந்த தொழில்நுட்பப் பிரிவுகளையும் பாதுகாப்பு அறிவியல் அமைப்பையும் ஒன்றாகச் சேர்த்து டி.ஆர்.டி.ஓ. உருவானது. டாக்டர் டி.எஸ். கோத்தாரி அறிவியல் ஆலோசகராக இருந்தார். ஜெர்மனியின் மேன் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி ஜபல்பூரில் சக்திமான் லாரி தயாரானது. அந்த லாரி பல பத்தாண்டு ராணுவத்தின் முதுகெலும்பாக இருந்தது. பிரிட்டிஷ் ஆவ்ரோ விமானம் கான்பூரில் சேர்க்கப்பட்டு 1961 நவம்பரில் பறந்தது. கப்பல் கட்டும் மஸகான் டாக், கார்டன் ரீச் இரண்டையும் 1960-ல் அரசாங்கம் வாங்கியது.

நமக்கு ரொம்ப நெருக்கமானது ஆவடி. 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி உள்ள அந்த டாங்கிக்கு விஜயந்தா என்று பெயர். முதல் விஜயந்தா 1965-ல் ஆவடியிலிருந்து வெளியே வந்தது. ஆரம்பத்தில் இங்கிலாந்து பாகங்களைச் சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். சுமார் 2,000 டாங்கிகள் செய்து முடித்தார்கள்.

நண்பர்களே, டாங்கி டிராயிங் வந்தது என்றால் ஒரு ஷீட் பேப்பர் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கிரேடு ஸ்டீல், எத்தனை டிகிரியில் ஹீட் ட்ரீட்மெண்ட், எந்த ஜிக், எந்த ஃபிக்ஸ்சர், எந்த கேஜ், எவ்வளவு டாலரன்ஸ், சோதனையில் எதைப் பாஸ் பண்ணணும், எதைத் தள்ளணும் எல்லாம் அதில் உண்டு. வெல்டரும் டர்னரும் ஃபிட்டரும் அதைக் கையில் பிடித்துச் செய்தால்தான் தொழில்நுட்பம் கப்பலை விட்டு இறங்கியது என்று அர்த்தம்.

மிக்-21 பேரமும் அப்படித்தான். அமெரிக்காவின் எஃப்-104 விமானங்கள் பாகிஸ்தானுக்கு 1961-ல் கிடைத்தன. நமக்கும் ஒலியை மிஞ்சும் விமானம் தேவைப்பட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் வேண்டாம் என்று அழுத்தம் கொடுத்தும், 1962 ஆகஸ்டில் சோவியத் நாட்டோடு உடன்பாடு வந்தது. காரணம் இரண்டு. டாலரோ பவுண்டோ இல்லாமல் ரூபாயில் பணம் கட்டலாம். விமானத்தை இங்கேயே செய்யவும் சம்மதித்தார்கள். உடல் நாசிக்கில், எஞ்சின் கோராபுட்டில், எலக்ட்ரானிக்ஸ் ஹைதராபாத்தில் என்று மூன்று ஊரில் வேலை பிரிந்தது. 1963-ல் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. அறுபத்திரண்டு வருஷம்!

எஞ்சின் கிடைக்காத விமானம்

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். லைசென்ஸ் வாங்கிச் செய்வது ஒரு வகை. நாமே டிசைன் பண்ணுவது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் கஷ்டம் தெரியும்.

ஜெர்மனியின் பெயர்பெற்ற விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-ல் பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கு வந்தார். இந்திய இன்ஜினியர்களோடு சேர்ந்து எச்.எஃப்-24 மாருத் என்ற போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17 அன்று அது பறந்தது. ஆசியாவில் அன்றைக்கு இது பெரிய சாதனை. உடல் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது.

எஞ்சின்தான் கிடைக்கவில்லை. பிரிட்டனில் இதற்கு ஏற்ற ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை முடிக்க இந்தியாவும் செலவில் பங்கு தரவேண்டும் என்றார்கள். நம் அரசாங்கம் தரவில்லை. திட்டம் நின்றது. சோவியத் எஞ்சினைப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. எகிப்து செய்துகொண்டிருந்த எஞ்சினைக்கூட மாருத்தில் பொருத்திப் பறக்கவிட்டார்கள், அதுவும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் பலம் குறைந்த பழைய ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் இரண்டோடு மாருத் பறந்தது. நேராகப் பறக்கும்போது ஒலி வேகத்தை அது தாண்டவே இல்லை. 147 விமானங்களோடு கதை முடிந்தது. அதிலும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மேனனின் மந்திரி காலத்தில் நடந்த பெரிய தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். உடலுக்குச் செலவு செய்தவர்கள் எஞ்சினுக்குக் கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை. 1989-ல் தொடங்கிய காவேரி எஞ்சினும் தேஜஸ் விமானத்துக்கு ஏற்றபடி அமையாமல், தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடுதான் படையில் சேர்ந்தது.

நந்தியில் ஒரு பயணம்

நம்ம ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். 1958-ல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அப்துல் கலாம், பிறகு பெங்களூரில் ஹோவர்கிராஃப்ட் செய்யும் சின்னக் குழுவில் இருந்தார். காற்று மெத்தைமேல் மிதந்து ஓடும் வண்டி அது. பெயர் நந்தி. கேலி பேசியவர்கள் பலர். மேனன் மட்டும் அதில் அக்கறை காட்டினார். பெங்களூருக்கு வந்து, பாதுகாப்பு அதிகாரிகள் தயங்கியபோதும், கலாம் ஓட்ட அதில் ஏறிப் பயணம் செய்தார். கலாம் தன் சுயசரிதையில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார்.

மேனன் பதவி போனதும் நந்தி மூலையில் முடங்கியது. ஒரு மந்திரியின் ஆர்வத்தை நம்பி நடக்கும் திட்டம் மந்திரியோடு போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கொள்முதலும் ஆராய்ச்சியும் ஆளை நம்பி இல்லாமல் முறையை நம்பி நடக்கணும் என்று சொல்வது இதனால்தான்.

1962

மேனனுக்கும் தளபதிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. 1959-ல் ராணுவத் தலைமைத் தளபதி திம்மய்யா ராஜினாமா கடிதமே கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றார். பதவி உயர்வுகளில் மந்திரி தலையிடுகிறார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ராணுவத் தொழிற்சாலையில் காபி போடும் பாத்திரம் செய்கிறார்கள் என்று கிண்டலும் எழுந்தது. அன்னியச் செலாவணி பஞ்சத்தால், கேட்டதெல்லாம் வாங்கவும் முடியவில்லை. ஆபத்து பாகிஸ்தான் பக்கமிருந்துதான் என்று மேனன் நம்பினார்.

1962 அக்டோபர் 20. சீனப்படை இமயமலையில் தாக்கியது. நம் ஜவான்கள் கையில் இருந்தது உலகப்போர் காலத்து 303 ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடணும். பனிமலைக்கு ஏற்ற உடையும் பூட்ஸும் பலருக்கு இல்லை. தானாகக் குண்டேற்றும் புது ரைஃபிளுக்கு டிராயிங் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது படைக்கு வரும் முன்னே சண்டை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் 1,300-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள், சிறைப்பட்டார்கள்.

அக்டோபர் முடியும்போது மேனனிடமிருந்து ராணுவ இலாகா போனது. நவம்பர் முதல் வாரத்தில் மந்திரி பதவியும் போனது.

இங்கேதான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். டாங்கித் தொழிற்சாலை போட்டவர் குற்றவாளியா? ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் டாங்கிக்காக இன்றைக்கு பூட்ஸ் வாங்காமல் விடலாமா? என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். நாளைக்கு நாமே செய்யணும் என்பது சரிதான். ஆனால் அந்த நாளை வரும்வரை எல்லையில் நிற்பவனுக்கு இன்றைக்கு வேண்டியதை எங்கிருந்தாவது வாங்கிக் கொடுத்தே ஆகணும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் ராணுவக் கொள்முதல் நிர்வாகம். ஜீப்பில் அவர் அவசரத்தை மட்டும் பார்த்தார், தரத்தைப் பார்க்கவில்லை. மந்திரியானபின் எதிர்காலத்தைப் பார்த்தார், அவசரத்தைப் பார்க்கவில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். அவர் போன பிறகு ஆவடியை யாரும் மூடவில்லை. டி.ஆர்.டி.ஓ.வைக் கலைக்கவில்லை. 1962 நவம்பரிலேயே பாதுகாப்பு உற்பத்திக்கென்று தனித்துறை வந்தது. மனிதரை ஒதுக்கியவர்கள் அவர் போட்ட பாதையிலேயேதான் நடந்தார்கள். மேனன் 1967 தேர்தலில் தோற்று, 1969-ல் மிதுனாப்பூரிலும் 1971-ல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்து, 1974 அக்டோபர் 6 அன்று மறைந்தார்.

அன்று டிராயிங், இன்று சோர்ஸ் கோட்

மேனன் காலத்தில் ஆயுதம் என்றால் இரும்பு. இன்றைக்கு ஆயுதத்தின் பாதி சாஃப்ட்வேர். விமானம் நிலையாகப் பறப்பதும், ரேடார் எதிரியை அடையாளம் காண்பதும், ஏவுகணை திரும்புவதும் கம்ப்யூட்டர் புரோகிராமால்தான்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்குத் தெரியும், மற்ற பிரிவுக்காகச் சொல்கிறேன். புரோகிராமை நாம் எழுதும் வடிவம் சோர்ஸ் கோட். மெஷின் ஓட்டும் வடிவம் வேறு. விற்கிறவன் மெஷின் வடிவத்தை மட்டும் கொடுத்தால், முடித்த ஜாப்பைக் கொடுத்து டிராயிங்கை வைத்துக்கொண்டது மாதிரி. ஓடும், ஆனால் மாற்ற முடியாது. எதிரி புது ரேடார் வைத்தால், நம் புரோகிராமைத் திருத்த அவனிடமே போய் நிற்கணும்.

இது கற்பனை இல்லை. தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு வேலையில் அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி கூட இருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டு சோதனை செய்ததும் அமெரிக்கா தடை போட்டது. அங்கே வேலை பார்த்த நம் இன்ஜினியர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. நல்லவேளையாக, பறப்பு விதிகளை எழுத 1992-லேயே பெங்களூரில் ஒரு தேசியக் குழு அமைத்திருந்தார்கள். அந்தக் குழுவிடம் 'எப்படி' மட்டும் இல்லாமல் 'ஏன்' என்பதும் இருந்தது. மிச்ச வேலையை இங்கேயே முடித்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் தரையிலேயே சோதித்து, 2001 ஜனவரி 4 அன்று தேஜஸைப் பறக்கவிட்டார்கள்.

'எப்படி' என்பதை லைசென்ஸ் கொடுக்கும். இந்த விட்டம் ஏன் 40, ஏன் 42 இல்லை என்பதை எந்த லைசென்ஸும் கொடுக்காது. அறுநூறுக்கு மேல் மிக்-21 செய்த நாம் அடுத்த விமானத்தை டிசைன் பண்ண முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது அதனால்தான்.

நமக்கு என்ன வேலை?

பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது மந்திரிகளும் செயலாளர்களும்தான். ஆனால் வந்த பெட்டியைப் பிரித்து, கேஜ் வைத்துப் பார்த்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று எழுதுவது டிப்ளமோ படித்தவன். புரோகிராமை ஓட்டிப் பார்த்து, இந்த இடத்தில் தப்பு வருகிறது என்று முதலில் சொல்வதும் அவன்தான். 155 ஜீப்பில் ஒரு ஜீப்பின் பானெட்டையாவது ஒழுங்காகத் திறந்து பார்த்து, எடுக்க முடியாது என்று எழுதும் ஒருவன் அங்கே இருந்திருந்தால், கிருஷ்ண மேனன் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதனால் நண்பர்களே, லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாமல், ஏன் வரவில்லை என்று சாரைக் கேளுங்கள். டிராயிங்கை மனப்பாடம் பண்ணாமல், ஏன் அந்த டாலரன்ஸ் என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவன் கையில்தான் வாங்கிய தொழில்நுட்பம் சொந்தத் தொழில்நுட்பம் ஆகும்.

கிருஷ்ண மேனனைக் கும்பிடவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். அவர் விட்ட இடத்தில் கற்றுக்கொள்வோம், தொட்ட இடத்தில் தொடர்வோம்!

வாழ்க பாலிடெக்னிக் மாணவர் ஒற்றுமை!